மனிதர் குடியிராத தீவு: இரவிகுளத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பற்றிய எழுத்துகளில் ‘மனிதக் கை படாத இயற்கை’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. சுற்றுலாக் கையேடுகள் மட்டுமல்ல, நம் பல்கலைக்கழகங்களில் அளிக்கப்படும் ஆய்வேடுகளும் அதைத் தயக்கமின்றிக் கையாளுகின்றன. அத்தொடரை வரலாற்றின் துணைகொண்டு சற்று உரசிப் பார்ப்பதே இந்நீண்ட பதிவின் நோக்கம். இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு வடக்கே, 97 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் விரிந்து கிடக்கும் அப்புல்மேட்டில் ஊர் இல்லை, வயல் இல்லை. இவ்வெறுமைக்குக் குளிரும் காற்றும் ஒரு பங்கு காரணம். ஆனால் சுற்றிலும் ஒவ்வோர் அங்குல மலைச்சரிவும் அளக்கப்பட்டு, வெட்டப்பட்டு, தேயிலையாக மாறிய நூற்றாண்டில் இது மட்டும் அப்படியே நின்றதற்குக் காரணம் காற்றன்று, ஆவணங்கள்.

முதலில் இதை ஏன் தீவு என்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கொல்லங்கோட்டு வயல்வெளியில் நின்று தெற்கே நோக்கினால் நெல்லியாம்பதி மலை ஒரு சுவர்போல எழுந்து நிற்பதைக் காணலாம். அச்சுவருக்குப் பின்னால் பறம்பிக்குளம், அதற்கப்பால் வால்பாறைக்கு மேலுள்ள அக்காமலைப் புல்மேடுகள், அவற்றுக்குத் தெற்கே இரவிகுளம், இறுதியில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி என மலைத்தொடர் படிப்படியாக உயர்ந்து செல்கிறது. வடக்கே நீலகிரி. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து பேருந்தில் வருவோருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். குளிர்ந்த சோலைக்குள் மட்டுமே வாழத் தெரிந்த ஒரு சிறு பறவைக்கோ அது கடக்கவியலாத கடல்.

இது வெறும் உவமையன்று. உயர்மலைச் சோலைகளில் வாழும் நீலச் சிட்டு போன்ற ஒரு பறவையினத்தின் மரபணுக்களை ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் வாழும் கூட்டங்கள் மிக நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று காட்டியது. 2017-இல் அப்பறவைகளுக்கெனத் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. அதன் பெயர் ஷோலிக்கோலா, சோலையில் வாழ்வது என்று பொருள். நம் ‘சோலை’ இலத்தீன் வடிவத்துக்குள் புகுந்துவிட்ட அச்செய்தியைத் தமிழ்த்துறையினர் எவரும் கொண்டாடியதாக நான் காணவில்லை! நீலகிரியில் வாழ்வது ஒன்று, ஆனைமலை முதலான தெற்கு மலைகளில் வாழ்வது மற்றொன்று. யானை, வரையாடு ஆகியவற்றின் மரபணுக்களிலும் அதே கணவாய் ஒரு கோட்டை இழுத்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்ட செம்மஞ்சள் நிறச் சிறு தவளை ஒன்று ஆனைமுடி உச்சியை ஒட்டிய மிகச் சிறு பரப்பில் கண்டறியப்பட்டது. அது அறிவிக்கப்பட்டபோது அதன் உலகம் முழுவதும் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு எனக் கணக்கிடப்பட்டது. கடல் நடுவிலுள்ள தீவுகளிலும் இத்தகைய குறுகிய வாழிடங்கள் அரிதே.

1967-இல் மக்ஆர்தர், வில்சன் இருவரும் தீவுகளின் உயிர்ப் பரவல் குறித்துத் தம் கோட்பாட்டு நூலை வெளியிட்டபின், தீவு என்னும் சொல் நீரிலிருந்து விடுபட்டது. சூழ்ந்திருப்பது நீரா, பாலையா, தேயிலையா என்பது பொருட்டன்று; அங்குள்ள உயிர் வெளியேற இயலாது, வெளியிலிருந்து இழப்பை ஈடுசெய்ய எதுவும் வந்துசேராது என்பதே தீவின் இலக்கணம். இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். உலகின் மிகவும் ஆராயப்பட்ட வெப்பமண்டலத் தீவுகளுள் ஒன்றான பனாமாவின் பாரோ கொலராடோ, 1913-க்கு முன் ஒரு குன்று மட்டுமே. கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை அணைகட்டித் தேக்கியபோது அது தீவானது, 1923-இல் காப்பிடமானது. இன்று அதை ‘மழைக்காட்டின் தூய மாதிரி’ என்று படிக்கிறோம். பொறியாளர் உருவாக்கிய தீவு இயற்கையின் மாதிரியாக மாறப் பத்தாண்டு போதுமானதாக இருந்தது. இரவிகுளத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் காலம் தேவைப்பட்டது.

புல்வெளியைப் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. மலையுச்சியில் காடல்லவா இருக்க வேண்டும், புல் எப்படி வந்தது? ஆயர்கள் காட்டைக் கொளுத்தியதால் வந்தது என்பது ஆங்கிலேய வனத்துறையினர் பலரின் எண்ணம். 1938-இல் ரங்கநாதன், நீலகிரிப் புல்வெளியை ஆராய்ந்து, உறைபனியே மரக்கன்றுகளைக் கொல்கிறது. புல்லும் சோலையும் அருகருகே நிலைத்திருப்பது இயல்பே என்று வாதிட்டார். போர் போன்றோர் மறுத்தனர். இச்சண்டை ஏட்டுச்சண்டை மட்டுமன்று. புல் மனிதனின் கேடு என்றால், அதன்மீது சீகை மரத்தையும் தைல மரத்தையும் நடுவது சீரமைப்பு ஆகிவிடும். நீலகிரியில் அதுவே நடந்தது. 1993-இல் சுகுமாரும் அவருடன் சேர்ந்தோரும் நீலகிரியின் சதுப்பு மண்ணிலுள்ள கரிமத்தை அளந்து, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் இருந்தது என்று நிறுவினர். வரையாடு அப்புல்லின் பிள்ளை. சங்கப் புலவர் ‘வருடை’ என்று குறித்த விலங்கு அதுவே என்பர். அதற்குக் காடு தேவையில்லை; திறந்த புல்லும், ஓடி ஒதுங்கச் செங்குத்துப் பாறையும் தேவை.

இனி மனிதர். மலையுச்சியில் ஊர் இல்லாவிடினும் அதைச் சுற்றி ஆளற்ற காலம் என்று ஒன்று இருந்ததில்லை. வடகிழக்கே மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் அஞ்சுநாட்டு ஊர்கள். மறையூர்ப் பாறைகளின்மேல் பெருங்கற்கால ‘முனியறைகள்’ இன்றும் நிற்கின்றன. மேற்கேயும் வடக்கேயும் முதுவர் குடிகள். மதுரையிலிருந்து மீனாட்சியின் திருவுருவை முதுகிற் சுமந்து வந்தமையால் தாம் முதுவர் ஆனோம் என்பது அவர்தம் மரபு. அஞ்சுநாட்டாரும் மதுரையிலிருந்தே தம் வரவைச் சொல்வர். மலைக்கு உரிமை கொண்டாடிய பூஞ்ஞாற்று அரச குடும்பமும் பாண்டியர் வழியினர் என்றே தம்மைக் கூறிக்கொண்டது. மூன்று மரபுகளும் ஒரே நகரைச் சுட்டுவதால் ஒரே பெயர்ச்சி நிகழ்ந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். ஆயினும் இம்மலையின் முகம் நெடுங்காலம் கிழக்கு நோக்கியே இருந்தது என்பதற்கு அது சான்று. உடுமலைக்கும் போடிக்கும் இறங்கிய பாதைகளே அதன் வாசல்கள். பிற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாகவே வெளியுலகம் சென்றன.

ஐரோப்பியர் முதலில் அளவுச் சங்கிலியோடும், பின்னர்த் துப்பாக்கியோடும் வந்தனர். வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் 1862 மே மாதத்தில் ஆனைமுடியில் ஏறினார். ‘முதல் ஏற்றம்’ என்று நூல்கள் இதைக் குறிக்கின்றன. பதிவான முதல் ஏற்றம் என்று எழுதுவதே முறை. வழி தெரிந்த ஒருவர் முன்னே நடவாமல் அம்மலையில் எவரும் ஏறியிருக்க இயலாது. இரவிகுளம் மேட்டுக்கே ஹாமில்டன் பீடபூமி என்னும் பெயர் சிலகாலம் வழங்கியது. அவர் எழுதிய வேட்டை நினைவுகள் 1892-இல் நூலாயின. அவ்வகை நூல்களில் துரைமாருக்குப் பெயரும் பதவியும் உண்டு. முன்னே நடந்தவருக்குப் பெரும்பாலும் இனப்பெயர் மட்டுமே.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலை உரிமையைப் பெற்றார். ஏறத்தாழ 1,37,000 ஏக்கர்! ஒரு வட்டாரமே ஓர் ஓலைக்குள் அடங்கியது. 1879-இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் உருவாயிற்று. சிங்கோனா, காப்பி என்று பலவும் முயன்று இறுதியில் தேயிலை வென்றது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1895-இலேயே, இரவிகுளம் வேட்டைக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1928-இல் உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் பொறுப்பில் அது விடப்பட்டது.

இது ஏன் நடந்தது என்று கேட்பவர் இயற்கைப் பற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேட்டின் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேல். அங்கு உறைபனி விழும்; தேயிலைக் கொழுந்து கருகும். ஆக, கணக்கேட்டில் பயனற்ற நிலம். பயனற்ற நிலத்தில் ‘ஐபெக்ஸ்’ என்று துரைமார் பிழையாக அழைத்த வரையாடு இருந்தது; ஞாயிற்றுக்கிழமைக்குச் சுடுவதற்கு விலங்கு வேண்டும்; எல்லாரும் சுட்டால் விலங்கு மிஞ்சாது. எனவே விதிகள் பிறந்தன: எத்தனை சுடலாம், எதைச் சுடலாம், யார் சுடலாம். மூன்றாவது விதியே முதன்மையானது. முதுவர் காவலராகவும் வழிகாட்டியராகவும் அமர்த்தப்பட்டனர். காய்ந்த புல்லைப் பகுதி பகுதியாகக் கொளுத்திப் புதுத்தளிர் வரச்செய்யும் வேலையும் அவர்களிடமே இருந்தது. அது மட்டுமா? ஓடைகளில் தூண்டிலிட்டு மகிழ ரெயின்போ டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். இன்று ‘கை படாத’ இரவிகுளத்தின் நீரோடைகளில் நீந்துவது அமெரிக்கக் கண்டத்து மீனின் வழித்தோன்றல்.

அதே மலைத்தொடரின் வடபகுதியைப் பாருங்கள். பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளம் கொச்சி அரசின் ஆட்சியில் இருந்தது. 1907 முதல் 1963 வரை கொச்சி வன டிராம் பாதை சாலக்குடிக்கு மரத்தை இறக்கிக்கொண்டே இருந்தது. ஆனைமலையின் கிழக்குச் சரிவு சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். டாப்சிலிப் என்னும் பெயரே அங்கு மரங்கள் சரித்துவிடப்பட்டதன் எச்சம். ஒரே மலை, மூன்று அரசுகள், மூன்று விதிகள். மரம் உள்ள பகுதி மரத்தை இழந்தது. மண் இளகிய சரிவு தேயிலைக்குப் போனது. இரண்டுக்கும் ஆகாத உச்சி வேட்டைக்கு எஞ்சியது. நாம் இன்று பாதுகாத்துப் போற்றுவது அந்த மூன்றாம் பங்கு. கற்பனைகூடச் செய்ய வேண்டாம், உறைபனியைத் தாங்கும் தேயிலை வகை ஒன்று அக்காலத்தில் கிடைத்திருந்தால் ஆனைமுடியின் அடிவாரம்வரை பச்சைப் பாத்திகளே இருந்திருக்கும்.

தீவைச் சூழ்ந்த அக்கடலைப் பற்றிப் பேசாமல் தீவின் வரலாற்றை எழுத முடியாது. தேயிலை என்பது செடி மட்டுமன்று. கங்காணிமார் வழியே திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களும்கூட. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமற்றோர். வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சிறு சமையற்கட்டும். வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். 1924-ஆம் ஆண்டு ஜூலைப் பெருவெள்ளம் மூணாற்றையும் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் பாதையையும் அழித்தது. பாதை மீண்டும் போடப்படவில்லை. லயங்கள் மீண்டும் கட்டப்பட்டன. 1954-இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் முதல் நாள் அவ்வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. எல்லைப் போராட்டத்தைப் பற்றி நம்மிடம் நூல்கள் பல உண்டு. அப்போராட்டத்தின் இருதரப்பிலும், லயத்து அறை யாருக்குச் சொந்தம் என்ற வினா எவ்வளவு குறைவாக எழுப்பப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

அவ்வினா எழுப்பப்பட்ட ஒரே பெரிய தருணம் 1971. அவ்வாண்டு கேரளச் சட்டமன்றம் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. நூறாண்டுக்கு முந்திய ஓலையின் நிலம் அரசிடம் திரும்ப வேண்டும் என்றது சட்டம். எதற்காக? சாகுபடிக்கும் அதனைச் சார்ந்த நோக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்க என்று முகவுரையே சொல்கிறது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1972-இல் உச்சநீதிமன்றம், இது வேளாண் சீர்திருத்தச் சட்டம்தான் என்று ஏற்று, அதைச் செல்லுபடியாக்கியது. 1974-இல் நில வாரியம் தன் முடிவை அளித்தது. ஏறத்தாழ 57,000 ஏக்கர் தோட்டத் தேவைக்கென நிறுவனத்துக்கே திரும்பியது. ஏறத்தாழ 70,000 ஏக்கர் அரசிடம் நின்றது. அந்த எழுபதாயிரத்துக்குள்தான் இரவிகுளமும் இருந்தது.

அடுத்து நடந்தவற்றின் வேகத்தைக் கவனியுங்கள். 1975-இல் இரவிகுளம்–ராஜமலை வனவிலங்குக் காப்பிடம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டளவில் தாவீதாரின் வரையாட்டுக் கணக்கெடுப்பு அவ்விலங்கின் நிலையை உலகறியச் செய்தது. 1978-இல் இரவிகுளம் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவானது. சட்டம் பிறந்து ஏழே ஆண்டுகள். அம்முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்புல்மேடு உழவுக்கு ஏற்றதன்று. தேயிலையே கருகும் உறைபனியில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் குடியேற்றுவது கொடை ஆகாது. உலகில் எஞ்சிய வரையாடுகளின் மிகப்பெரிய கூட்டம் அங்கேயே வாழ்கிறது. வேட்டை நின்றபின் பிறந்த தலைமுறைகள் ராஜமலைச் சாலையோரத்தில் மனிதரைக் கண்டு அஞ்சாமல் மேய்வதைப் பலரும் படம் எடுத்திருக்கிறீர்கள். என் வினா வேறு. ஒரே சட்டம் இருவரைக் குறித்துப் பேசியது எனலாம்: ஒன்று நிலம், மற்றொன்று நிலமற்றவர். நிலத்தைக் காப்பதற்கு அரசுக்கு ஏழாண்டு போதுமானதாக இருந்தது. எஞ்சிய பல்லாயிரம் ஏக்கரிலிருந்து, உழவுக்கும் குடியிருப்புக்கும் ஏற்ற இடங்களைத் தோட்டத் தொழிலாளருக்கு அளிக்கும் வேலை அரை நூற்றாண்டு கடந்தும் முற்றுப்பெறவில்லை. இதைச் சூழலியலுக்கும் உழைப்பாளருக்கும் இடையிலான மோதலாகச் சித்திரிப்போர் உண்டு. ஆவணங்களைப் படித்தால் அவ்வாறு தோன்றவில்லை. வரையாடு எந்தத் தொழிலாளியின் நிலத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

2015 செப்டம்பரில் பெண்பிள்ளை ஒருமை என்னும் பெயரில் தேயிலை பறிக்கும் பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தபோது கூலியும் போனசும் முதற்கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களையே விலகி நிற்கச் சொன்ன போராட்டம் அது. அவர்களுள் பலர் பேசியது, ஓய்வுபெற்ற மறுநாள் எங்கே படுப்பது என்பதைப் பற்றியும்தான்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, பூங்கா எல்லையை ஒட்டிய சரிவு பெயர்ந்து பெட்டிமுடி லயங்களின்மேல் இறங்கியது. நயமக்காடு எஸ்டேட்டின் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள் அவற்றுள் பல. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்திருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது; பெரியவரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புப் படையும் தாமதித்தே சேர்ந்தது. இறந்தோர் ராஜமலையிலேயே புதைக்கப்பட்டனர். உயிர்தப்பியோருள் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டித் தரப்பட்டது. நான்கு தலைமுறை அம்மலையில் வாழ்ந்தபின் அவர்கள் பெயரில் பதிவான முதல் நிலம், ஒரு பேரழிவின் இழப்பீடாக வந்தது.

பெட்டிமுடிச் சாலையைத் தீவின் ஓரத்தில் செல்லும் சாலை என்று எழுதத் தோன்றும். உண்மையில் அது தீவுக்குள் நுழைந்து செல்கிறது. மூணாற்றிலிருந்து ராஜமலைச் சோதனைச்சாவடி, அங்கே வரையாடு காணும் சுற்றுலாப் பகுதி, அதைத் தாண்டித் தேயிலை, பிறகு பெட்டிமுடி. அதற்கும் அப்பால் காட்டுப் பாதையில் முதுவரின் இடமலைக்குடி. 2010-இல் அது கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. மேட்டைக் காத்த காவலரின் மக்களும், மேட்டின் அடியில் கொழுந்து பறித்தோரின் மக்களும் வெளியுலகம் வர ஒரே வழி, ஆளில்லாப் பூங்காவின் வாயில். வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்கள், அவ்வாயில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டுதோறும் அடைக்கப்படுகிறது. அந்நாள்களில் அரிசி மூட்டைகளையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மட்டும் அவ்வழியே போய்வருகின்றன.